இரண்டு நிமிட விமானம்

கேள்வி: உலகிலேயே மிகக் குறைந்த தூரம் பறக்கும் பயணிகள் விமானம் எங்கே இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?
– வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு குட்டித் தீவுகளுக்கு நடுவே தூரம் 2.7 கி.மீ.தான். உங்கள் ஆசிரம வாசலிலிருந்து அண்ணாமலையார் கோயிலுக்குப் போவதைவிடச் சற்றே அதிகம்! லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் இதை இயக்குகிறது. கால அட்டவணையில் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தபோது 53 விநாடியில் போய் இறங்கியதுதான் சாதனை.

எட்டுப் பேர் அமரும் 'ஐலேண்டர்' விமானம் அது. விமானிக்குப் பக்கத்து இருக்கையிலும் பயணி உட்காரலாம். மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருப்பதால் முழு வேகத்தை எட்டவே வாய்ப்பில்லை. எனவே தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. காற்றின் திசையும், எந்தப் பக்கமாக ஏறி இறங்குகிறார்கள் என்பதும்தான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

வேடிக்கைக்காக விட்ட விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆசிரியர், மருத்துவர், நோயாளி எல்லோருக்கும் இது முக்கியமான வழி. அத்தனை சிறிய ஊருக்கும் விமானம் விடுகிறார்களே, அது பெரிய விஷயம்.

இதோடு ஒப்பிட நம் லட்சத்தீவைப் பாருங்கள்: அங்கே விமான ஓடுதளம் உள்ள ஒரே தீவு அகத்தி. கொச்சியிலிருந்து சுமார் 460 கி.மீ.; ஏடிஆர் விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பக்கத்துத் தீவான கவரத்திக்குப் போக கப்பல் அல்லது ஹெலிகாப்டர்தான்.