அந்த டப்பாவில் நூல் இல்லை

மார்பகத்தை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறாரா? செலவு எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "எடுத்த சதைக்கு மேல் பக்கம் எது, வெளிப் பக்கம் எது என்று அடையாளம் போட்டுத்தான் லேபுக்கு அனுப்புவீர்களா?" எனக்கு அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் இரண்டாவது ஆபரேஷன் அத்தனை பெரிதாகிப் போனது.

மேமோகிராம், ஊசி பயாப்ஸி, மயக்க டாக்டரின் ஃபிட்னஸ் எல்லாம் எல்லோருக்கும் நடப்பவை, விட்டுவிடுகிறேன்.

கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். அந்த விளிம்புதான் மார்ஜின். பேத்தாலஜி டாக்டர் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கேன்சர் செல் மையைத் தொட்டிருந்தால் மிச்சம் உள்ளே இருக்கலாம் என்று அர்த்தம். பரவும் வகைக் கட்டிக்கு மையைத் தொடாமல் இருந்தாலே போதும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சொல்லிவிட்டன. பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்ப வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றது 2016-இல் வந்த வழிகாட்டுதல்.

எந்தப் பக்கம் தொட்டிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் நூல். குட்டை நூல் மேல் பக்கம், நீள நூல் அக்குள் பக்கம் என்று தைத்து அனுப்புவது வெகுகாலப் பழக்கம். நூலை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிற மை பூசுவார்கள். கீழ்ப் பக்கம் மட்டும் மோசம் என்றால் அங்கே மட்டும் மறுபடி சீவினால் போதும்.

என் ரிப்போர்ட்டில் மார்ஜினில் கேன்சர் இருக்கிறது என்று போட்டிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது என்றும் போட்டிருந்தது. ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டால், "லேப்ல கேளுங்கம்மா." லேபில் கேட்டால், "எங்களுக்கு வந்த டப்பாவில் நூலே இல்லையே." கடைசியில் சுற்றி எல்லாப் பக்கமும் சீவ வேண்டியதாயிற்று. இன்று என் மார்பில் இருக்கும் பள்ளத்துக்குப் பாதிக் காரணம்தான் கேன்சர்.

என் நாத்தனார் விடுவாளா? "அப்பவே முழுசா எடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்லையே அண்ணி" என்று இன்றும் சொல்கிறாள். இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் நடத்திய ஆராய்ச்சிகளின் இருபது வருட முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டவர்களும் முழுசாக எடுத்தவர்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்ந்தார்கள். என் முடிவில் ஒரு பிசகும் இல்லை. பிசகு அந்த டப்பாவில்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

தியேட்டரிலேயே சோதிப்பீர்களா என்று கேளுங்கள். சதையை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் முறைக்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். கொழுப்பு சரியாக உறையாது என்பதால் எல்லா இடத்திலும் செய்வதில்லை. மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தவர்களுக்கு, எடுத்த சதையையே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டியை எடுத்த குழியின் சுவர்களை அப்போதே இன்னொரு சுற்று சீவுவீர்களா என்றும் கேளுங்கள். யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் அப்படிச் சீவாதவர்களில் 34 சதவீதம் பேருக்கு மார்ஜினில் கேன்சர் மிஞ்சியது, சீவியவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான். வெளிவந்தது 2015-இல், என் ஆபரேஷனுக்கு ரொம்ப முன்னால்.

எடுத்ததை ட்ரேயில் கொண்டுவந்து வீட்டாருக்குக் காட்டுவார்கள். உங்கள் மகனைத் தியேட்டர் வாசலிலேயே நிற்கச் சொல்லுங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நூல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். போட்டோவும் எடுக்கட்டும்.

மறுபடி கத்தி வைப்பதென்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்லைடையும் மெழுகு ப்ளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முறைத்தாலும் பரவாயில்லை.

நான் அப்படித்தான் போனேன். அங்கே ஆபரேஷன் செய்த டாக்டரம்மா ஒவ்வொரு பக்கத்துச் சதையையும் தனித்தனி டப்பாவில் போட்டு, புது விளிம்பில் நூல் தைத்து, லேப் படிவத்தில் படமும் வரைந்து அனுப்பினார். படம் வரைய எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு கேட்டேன். "ஒரு நிமிஷம்கூட ஆகலை, ஏன்?" என்றார்.