மெனு ஐகானுக்குப் பின்னால் ஒரு கமாண்ட் இருக்கு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் மதியம். பேட்டரி செல்களோட வோல்டேஜையும் சூட்டையும் காட்டுற ஒரு பைதான் ஜியூஐ எங்க ப்ராஜெக்ட். கோட் என்னோடது. அதை லேப் சிஸ்டத்துல ஏத்தி, உபுண்டு மெனுவுல அழகா ஒரு ஐகான் வெச்சுக் கொடுத்தது டீம்மேட். வெச்சுட்டு ஊருக்குப் பஸ் ஏறிட்டான்.

ஐகானை க்ளிக் பண்ணேன். மவுஸ் பாயின்டர் ரெண்டு செகண்ட் சுத்துச்சு, நின்னுச்சு. விண்டோ வரல, எரர் மெசேஜும் வரல. பத்து தடவை க்ளிக் பண்ணேன். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணேன். பைதானையே திரும்ப இன்ஸ்டால் பண்ணலாமானு யோசிச்சப்போ லேப் அண்ணா எட்டிப் பார்த்து, "டெர்மினல்ல ஓட்டிப் பாத்தியாப்பா?"னு கேட்டார். எந்த கமாண்டை ஓட்டுறது? ஐகான் வெச்சவன் போன் சுவிட்ச் ஆஃப்.

அன்னைக்குக் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. (கமாண்டுகளைத் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். டைப் பண்ணும்போது ஆங்கிலத்துல போட்டுக்கோங்க.)

லினக்ஸ் மெனுவுல நீங்க பாக்குற ஒவ்வொரு ஐகானும் ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல். பேர் .டெஸ்க்டாப்னு முடியும். சிஸ்டத்துக்குப் பொதுவானவை /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். ஒரு யூசருக்கு மட்டும் வெச்சது ஹோம்ல ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்ல இருக்கும். ரெண்டு இடத்துலயும் ஒரே பேர்ல ஃபைல் இருந்தா ஹோம்ல இருக்கிறதுதான் ஜெயிக்கும். ஸ்னாப்ல வந்தவை /வார்/லிப்/ஸ்னாப்டி/டெஸ்க்டாப்/அப்ளிகேஷன்ஸ்ல தனியா உக்காந்திருக்கும். உபுண்டு 22.04ல ஃபயர்பாக்ஸை முதல் இடத்துல தேடிக் கிடைக்காம முழிக்கிறது இதனாலதான்.

ஃபைலைத் திறந்தா 'நேம்=' வரியில மெனுவுல தெரியுற பேர் இருக்கும். சில ஃபைல்ல அதே பேர் தமிழ் உட்பட பல மொழியில வரிசையா இருக்கும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியது 'எக்ஸெக்=' வரி. அதுதான் கமாண்ட். க்னோம்ல 'ஃபைல்ஸ்'ங்கிற ஐகானோட நிஜப் பேர் நாட்டிலஸ். 'செட்டிங்ஸ்' உள்ளுக்குள்ள க்னோம்-கன்ட்ரோல்-சென்டர். பிடிஎஃப் திறக்குற 'டாக்குமென்ட் வியூவர்' 22.04ல எவின்ஸ். மெனுப் பேரை வெச்சு கமாண்டை யூகிக்கவே முடியாது, பாத்துத்தான் எடுக்கணும்.

நூத்துக்கணக்கான ஃபைலை ஒவ்வொண்ணா திறக்கத் தேவையில்ல. கிரெப் இருக்கு. ஆப்ஷன் -ஆர்ஐஎல், அடுத்து தேடுற வார்த்தை, அடுத்து ஃபோல்டர். ஆர் உள்ளே இருக்குறதையெல்லாம் தேடும், ஐ பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது, எல் ஃபைல் பேரை மட்டும் காட்டும். நான் 'பேட்டரி'னு போட்டேன். பொது ஃபோல்டர்ல எங்க ஆப் வரல, ஹோம் ஃபோல்டர்ல சிக்குச்சு.

எக்ஸெக் வரியை காப்பி பண்றப்போ கடைசியில %யூ, %எஃப் மாதிரி ஏதாவது இருந்தா விட்டுடுங்க. நீங்க ஒரு ஃபைல் மேல க்ளிக் பண்ணி ஆப்பைத் திறந்தா, அந்த ஃபைலோட பேர் வந்து உக்கார்ற இடம் அது. டெர்மினலுக்கு அது புரியாது.

காப்பி பண்ணி, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் ஓட்டினேன். மெனு முழுங்கின எரர் அப்படியே வந்து விழுந்துச்சு: கியூட்டி 6.5லிருந்து லிப்எக்ஸ்சிபி-கர்சர்0ங்கிற லைப்ரரி தேவை, அது இல்லாததால ஸ்கிரீன்ல விண்டோ வரைய முடியல. என் லேப்டாப்ல அந்த லைப்ரரி ஏற்கனவே இருந்திருக்கு, லேப் சிஸ்டத்துல இல்ல. லேப் அண்ணா பாஸ்வேர்ட் போட்டு ஆப்ட்ல இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்தார். திரும்ப ஓட்டினேன், விண்டோ வந்துடுச்சு. சந்தோஷமா டெர்மினலை மூடிட்டு (மூடினா அதுலேருந்து திறந்த ஆப்பும் போயிடும், அதுவும் அப்பதான் தெரிஞ்சுது) ஐகானை க்ளிக் பண்ணேன்.

வரல!

அதே கமாண்ட்தான். டெர்மினல்ல ஓடுது, மெனுவுல ஓடல. இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. க்னோம் மெனுவுலேருந்து ஓடுற ஆப்போட எரர் காணாமப் போறதில்ல, சிஸ்டம் லாக்ல எழுதப்படுது. டெர்மினல்ல ஜர்னல்சிடிஎல் -எஃப்னு ஓட்டி வெச்சுட்டு, ஐகானை க்ளிக் பண்ணா லைவா வரும். 'கான்ஃபிக் ஃபைல் கிடைக்கல'னு வந்துச்சு. தப்பு என் கோட்லதான். ஃபைலோட முழு பாத் கொடுக்காம வெறும் பேரை மட்டும் எழுதியிருந்தேன். டெர்மினல்ல நான் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள நின்னு ஓட்டினதால கிடைச்சுது. மெனு ஹோம் ஃபோல்டர்ல நின்னு ஓட்டும், அங்க அந்த ஃபைல் ஏது?

.டெஸ்க்டாப் ஃபைல்ல 'பாத்='னு ஒரு வரி சேர்த்து ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் கொடுத்தேன். எந்த ஃபோல்டர்ல நின்னு ஓட்டணும்னு சொல்றது அந்த வரி. ஐகான் வேலை செஞ்சுது. கோடைத் திருத்துறதுதான் முறை, ஆனா ரிவ்யூவுக்கு முந்தின நாள் கோட்ல கை வைக்க எனக்கு தைரியம் இல்ல.

இதே ஜாதியில இன்னொண்ணு: .பேஷ்ஆர்சில எக்ஸ்போர்ட் பண்ணி வெச்ச வேரியபிள் எதுவும் மெனுவுக்குப் பொதுவா தெரியாது. ரோபாட்டிக்ஸ் பசங்க ஆர்ஓஎஸ் செட்டப்பை அதுலதான் வெச்சிருப்பீங்க. ஐகான்ல மட்டும் ஓடலன்னா முதல்ல அங்க சந்தேகப்படுங்க.

ராத்திரி ஒன்பதரைக்கு டீம்மேட் மெசேஜ் வந்துச்சு: "போன்ல சார்ஜ் இல்லடா, எல்லாம் ஓடுதுல்ல?"