ஐப்பசி மழையும் கார்புரேட்டரும்

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்குகிறது. அது தொடங்கிய மறுவாரமே, நடுவழியில் நின்றுபோன மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடை வாசலில் காத்திருப்போர் கூட்டமும் தொடங்கிவிடுகிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 விதிமுறை அமலுக்கு வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் நீங்கிவிட்டதென்றாலும், அதற்கு முன் வாங்கிய புல்லட்டும் ஸ்பிளெண்டரும் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னமும் ஜீவனோபாயத்துக்கு ஆதாரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போருக்கு இப்பருவத்தில் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: வண்டி திணறியவுடன் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், முதலில் தண்ணீரைத் தேடுங்கள்.

கோடை முழுவதும் சீராக ஓடிய வண்டியின் ஏர் ஸ்க்ரூ, மழை பெய்த காரணத்தால் தானாகத் திரும்பிவிடுவதில்லை. பல வண்டிகளில் டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வழிந்தோடுவதற்கென்றே ஒரு சிறு துளையும் குழாயும் வைத்திருக்கிறார்கள். அத்துளை புழுதியால் அடைபட்டிருக்குமானால், தேங்கிய நீர் மூடியின் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. பெட்ரோலைவிடக் கனமான அந்நீர் டேங்கின் அடியில் தங்கி, அங்கிருந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு வந்து, ஜெட்டின் நுண்ணிய துவாரத்தில் பெட்ரோல் புக வேண்டிய இடத்தில் தான் புகுந்துகொள்கிறது. மிஸ்ஸிங் அடிப்பதும், முறுக்கும்போது இழுக்காமல் சோர்வதும் பெரும்பாலும் இதனாலேதான். இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பது இந்த ஆபத்தை அதிகமாக்குகிறது. எத்தனால் நீரை ஓரளவு தன்னுள் ஏற்றுக்கொள்ளும், அந்த அளவு மீறிய கணத்தில் நீரும் எத்தனாலும் சேர்ந்தே பிரிந்து அடியில் படிந்துவிடும்.

ஆகையால் என்ஜின் ஆறியிருக்கும்போது, அடுப்போ விளக்கோ பீடி நெருப்போ அண்டாத திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் காக்கை மூடி, அடிக்கிண்ணத்தின் கீழுள்ள வடிகால் திருகை மெல்லத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருக்குமானால் அடியில் தனிப் படலமாகக் கோடு தெரியும். அப்படித் தெரிந்தால் கிண்ணத்தை வடித்தது போதாது. டேங்கையும் முழுவதும் வடித்தாக வேண்டும். இல்லையேல் இரண்டு நாளில் அதே உபத்திரவம் திரும்பி வரும். ஜெட் அடைத்திருந்தால் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை இம்மியளவு அகன்றாலும் பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடிவிடும்.

நனைந்த ஏர் பில்டரும் ஈரம் புகுந்த பிளக் மூடியும் கார்புரேட்டரின்மீது வீண்பழி சுமத்துபவை. அவற்றையும் உலர்த்திப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் என்ஜின் நின்ற நிலையில் ஸ்திரமாக ஓடவில்லையானால், அப்போதுதான் திருகாணியின் முறை. பத்து நிமிஷம் ஓட்டி என்ஜினை நன்கு சூடாக்கிக்கொண்டு, ஏர் ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, பிறகு வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு, பெரும்பாலும் ஒன்றரைச் சுற்றை ஒட்டி, வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால், என்ஜின் வேகம் உயர்ந்து சீராக ஒலிக்கும் ஓர் இடம் காதுக்கே புலப்படும். அதுவே சரியான இடம். வேகம் மிகுதியாக இருந்தால் ஐடில் ஸ்க்ரூவால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பேதத்தை மறக்கலாகாது: திருகு ஏர் பில்டர் பக்கம் இருந்தால் வெளியே எடுக்க எடுக்கக் காற்று கூடும், என்ஜின் பக்கம் இருந்தால் அநேகமாகப் பெட்ரோல் கூடும். இதை அறியாமல் திருப்புவதால் கெட்ட வண்டிகள் ஏராளம். சில தினங்கள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம், கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

விடுமுறைக்கு உதகமண்டலம் போகிறவர்கள், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வண்டி சற்றே கரும்புகை கக்குவதைக் கண்டு அங்கே திருகைத் தொடாதிருப்பது நல்லது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் அது தானே சரியாகிவிடும்.

இரவில் பெட்ரோல் காக்கை மூடும் வழக்கத்தை இம்மாதங்களில் எக்காரணத்தாலும் விடாதீர்கள். தூசு சிக்கி ப்ளோட் ஊசி மூடாமல் நின்றால் பெட்ரோல் வெளியே ஒழுகுவதோடு, சில வண்டிகளில் சிலிண்டர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலிலும் கலந்துவிடும். அடுத்த கனமழைக்கு முன் வெயில் முகம் காட்டும் ஒரு காலைப்பொழுதில், டேங்க் மூடியைத் திறந்து அந்தச் சிறு வடிகால் துளையை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள்.