விலை உயர்ந்த சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் போடலாமா?



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். கல்லூரியில் படிக்கும் இளைய மகனுக்கு, சவூதியில் வேலை பார்க்கும் மூத்தவர் பணம் அனுப்பி 38 ஆயிரம் ரூபாயில் கியர் சைக்கிள் எடுத்துக் கொடுத்திருந்தார். “செக்ரட்டரி பாய், கடைக்காரர் இன்ஷூரன்ஸ் போடச் சொல்றார். போடலாமா?” என்று கேட்டார். கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அது ஆகாது பாய். அல்லாஹ் பாத்துக்குவான்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து அந்த சைக்கிள் களவு போயிற்று. தம்பி அதைக் கடைத்தெருவில் பூட்டிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறியிருக்கிறார். மாலையில் திரும்பி வந்தபோது அறுபட்ட கம்பிப் பூட்டு மட்டும்தான் கிடந்தது. அந்தத் தகப்பனார் மறுபடி எங்களிடம் வந்தார். எங்களைக் குறை சொல்லவில்லை. “இப்ப என்ன பாய் செய்றது?” என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சொன்னதை, அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியில் வரும் அந்த ஹதீஸை, மதரஸாவில் ஓதியவர்கள்தான் நாங்கள். தவக்குலைச் சொன்னோம், கயிற்றைச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தோம்.

முதலில் மார்க்கச் சட்டம். இன்ஷூரன்ஸ் பற்றிய கேள்வி நமக்குப் புதிதல்ல. 1836ல் வஃபாத்தான டமாஸ்கஸ் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் அவர்கள், கப்பல் சரக்குக்கு வியாபாரிகள் பணம் கட்டிப் பாதுகாப்பு வாங்கும் வழக்கத்தைப் பற்றி எழுதி, அது கூடாது என்றார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வியாபார இன்ஷூரன்ஸ் ஹராம் என்றும், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை ஆகுமானது என்றும் முடிவு சொன்னது. கட்டிய பணத்துக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், பல மடங்கும் கிடைக்கலாம் என்ற நிச்சயமின்மையும், கம்பெனி அந்தப் பணத்தை வட்டியில் போடுவதும் ஆட்சேபங்களில் முக்கியமானவை. சிரியாவின் முஸ்தஃபா ஸர்கா போன்ற அறிஞர்கள் இன்ஷூரன்ஸ் ஆகும் என்றே வாதிட்டார்கள். நம் நாட்டில் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில், கலவரங்களில் உயிரும் கடையும் வீடும் பறிபோகும் நிலையைப் பார்த்து இடம் கொடுத்தது.

சைக்கிள் இதில் எங்கே வருகிறது? பைக்குக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கட்டாயத்தில் செய்வதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலவரத்துக்காகச் சொன்ன சலுகையைக் கியர் சைக்கிளுக்கு இழுப்பதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த சைக்கிளை வைத்துத்தான் ஒருவர் பிழைக்கிறார், போனால் அடுப்பு எரியாது என்றால் அவருடைய நிலை வேறு. அவர் தம் ஆலிமிடம் நிலையைச் சொல்லிக் கேட்கட்டும். எங்களைப்போல் ஒற்றை வார்த்தையில் யாரும் முடித்துவிடக் கூடாது.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் பதிவும் இன்ஷூரன்ஸும் தேவையில்லை. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். கடைக்காரர் “ஒண்ணும் வேணாம்” என்று சொன்னாலும் பில்லில் வாட் எவ்வளவு என்று பாருங்கள்.

இனி உலகக் கணக்கு. பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பேச்சுக்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், 38 ஆயிரத்துக்கு 1,900 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 342. ஆக ஆண்டுக்கு 2,242 ரூபாய். சைக்கிள் காணாமல் போனால் 38 ஆயிரம் அப்படியே கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். பல பாலிசிகளில் தேய்மானம் கழிப்பார்கள், அதன் மேல் நம் பங்காக ஒரு தொகையும் கழிப்பார்கள். கம்பத்திலோ கிராதியிலோ சேர்த்துப் பூட்டாமல் விட்டிருந்தால் தரமாட்டோம் என்ற நிபந்தனையும் இருக்கலாம். வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அதில் சைக்கிளும் சேரும் என்று ஒரு சகோதரர் சொன்னார். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி நெருப்பு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அது பணம் தரும். சாதாரணத் திருட்டு அதில் சேராது.

அதே தொகையை, மாதம் 200 ரூபாயாக வீட்டில் ஓர் உண்டியலில் போட்டால் ஆண்டுக்கு 2,400. சைக்கிள் பத்திரமாக இருந்தால் பணமும் நம்முடையது. முதல் வருடத்திலேயே திருடு போனால் உண்டியல் போதாது, அது உண்மை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கூட்டு உதவி.

அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறையும்போது தம்மிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தகாஃபுல் என்று இன்று சொல்லும் முறைக்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். மலேசியா அதற்கு 1984லேயே தனிச் சட்டம் போட்டது. லண்டனில் லாக்கா என்ற சைக்கிள் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தொடங்கியபோது வைத்த முறை இன்னும் வேடிக்கையானது. முன்பணம் கிடையாது. மாதக் கடைசியில் அந்த மாத இழப்பைக் கூட்டி, உறுப்பினர்கள் ஒரு வரம்புக்குள் பகிர்ந்து கட்டினார்கள். மார்க்கத்துக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை, வியாபாரமாகத்தான் செய்தார்கள்.

நாமும் இங்கே ஒன்று தொடங்கலாமே என்று நிர்வாகக் குழுவில் இளைஞர்கள் கேட்டார்கள். தொடங்கலாம், ஆனால் எச்சரிக்கையாக. 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி பதிவு பெறாத யாரும் இன்ஷூரன்ஸ் தொழில் நடத்தக் கூடாது. “மாதம் இவ்வளவு கட்டுங்கள், சைக்கிள் போனால் இவ்வளவு தருவோம்” என்று டிரஸ்ட் எழுதிக் கொடுத்தால் நாங்கள் மாட்டிக்கொள்வோம். ஆகவே விருப்பமுள்ள குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் நன்கொடையாகத் தருவது, இழப்பு வந்தவருக்குக் குழு கூடி, இருக்கும் நிதிக்குத் தக்கபடி உதவுவது என்று முடிவு செய்திருக்கிறோம். யாருக்கும் வாக்குறுதி இல்லை. தந்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஜகாத் பணம் இதில் ஒரு ரூபாயும் சேராது. ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. அந்தத் தம்பியின் தகப்பனார் அந்த எட்டில் வரவில்லை. அவருக்கு அழகிய கடனாக 7,000 ரூபாய் கொடுத்தோம். ஒரு சாதாரண சைக்கிள் வாங்கிக்கொண்டார்கள். மாதம் 500 ரூபாயாகத் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கயிறு விஷயத்துக்கு வருவோம். கம்பிப் பூட்டு சாதாரண கட்டிங் பிளேயருக்கே விட்டுக்கொடுக்கும். கெட்டியான யு வடிவப் பூட்டோ தடித்த செயின் பூட்டோ வாங்குங்கள். சட்டத்தோடு பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஒன்றில் பூட்டுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் நம்பர் பொறித்திருக்கும். அதையும் பில்லையும் சைக்கிளையும் போட்டோ எடுத்து வீட்டில் இருவர் போனில் வையுங்கள். திருடு போனால் அன்றே காவல் நிலையம் போங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். பதியக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். அந்தத் தம்பியிடம் காவலர்கள் முதலில் கேட்டது பிரேம் நம்பர்தான். பில்லில் கடைக்காரர் எழுதவில்லை, இவரும் பார்த்து வைக்கவில்லை. சைக்கிள் எங்காவது அகப்பட்டால்கூட அது தன்னுடையதுதான் என்று சொல்ல அவரிடம் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்துக்குப் பிள்ளைகளின் சைக்கிள்களைக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச சைக்கிளானாலும் சரி. கவிழ்த்து வைத்து நம்பரைத் துடைத்துப் பார்த்து டிரஸ்ட் பதிவேட்டில் எழுதித் தருகிறோம். அந்த எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்து வரவும்.