கார்லினுக்குக் கைதட்டும் முன்

அன்புள்ள கதிருக்கு,

சித்தி எழுதுகிறேன். விடுதி நண்பர்களோடு 'ஸ்கம்' படம் பார்த்ததாக எழுதியிருந்தாய். சாக்ஸுக்குள் ஸ்னூக்கர் பந்துகளைப் போட்டுக்கொண்டு கார்லின் அடிக்கக் கிளம்பும் இடத்தில் அறையே விசிலடித்தது, "செம கெத்து சித்தி" என்றும் எழுதியிருந்தாய். கூடவே இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். திருத்துவதற்காக நடத்திய இடத்தில் இப்படியெல்லாம் நடந்திருக்குமா? சட்டம் படிக்கப் போயிருக்கும் நீ இந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த விசிலைத் திரும்ப எடுத்துக்கொள். கார்லின் ஜெயித்த அந்த அடிதடியில் உண்மையில் ஜெயித்தவர்கள் வேறு ஆட்கள். அது யார் என்று தெரிய வேண்டுமானால், படம் நடக்கும் 'போர்ஸ்டல்' என்ற அந்த இளைஞர் சீர்திருத்த இடம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ராச்சஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒரே சிறையில் அடைத்தால் அவர்கள் திருந்த மாட்டார்கள், தொழில் கற்றுக்கொண்டுதான் வெளியே வருவார்கள் என்ற கவலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வலுத்தது. 1895இல் சிறைகளை ஆராய்ந்த கிளாட்ஸ்டன் குழு இதை அறிக்கையாகவே எழுதியது. சிறைத்துறையின் தலைவரான ஈவ்லின் ரகில்ஸ்-பிரைஸ் அமெரிக்காவின் எல்மைரா சீர்திருத்தச் சிறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1902இல் போர்ஸ்டல் கிராமத்தில் இருந்த சிறையில் இளைஞர்களைத் தனியே வைத்து, வேலையும் படிப்பும் ஒழுங்கும் கற்றுத்தரும் முயற்சி தொடங்கியது. 1908இல் அது சட்டமானது. 16 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பயிற்சி என்பது ஏற்பாடு.

இதைக் கேலியாக நினைத்துவிடாதே. நல்ல எண்ணத்தோடு பிறந்த ஏற்பாடுதான் இது. 1922இல் சிறைத்துறை ஆணையரான அலெக்சாண்டர் பேட்டர்சன், போர்ஸ்டல்களை விடுதிப் பள்ளிபோல 'ஹவுஸ்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹவுஸ் மாஸ்டரை வைத்தார். 1930 மே மாதத்தில், லண்டனை அடுத்த ஃபெல்தாமிலிருந்து நாட்டிங்ஹாம்ஷயரின் லோதம் வரைக்கும் பையன்களும் அதிகாரிகளும் சேர்ந்து பல நாட்கள் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத போர்ஸ்டல் ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டத் தொடங்கினார்கள். அயர்லாந்து எழுத்தாளர் பிரெண்டன் பீஹன் 1939இல், 16 வயதில், வெடிபொருளோடு லிவர்பூலில் பிடிபட்டு ஹாலஸ்லி பே போர்ஸ்டலுக்கு அனுப்பப்பட்டவர். அந்த அனுபவத்தை வைத்து 1958இல் அவர் எழுதிய 'போர்ஸ்டல் பாய்' வெறுப்பால் எழுதிய புத்தகம் அல்ல. அங்கே கிடைத்த நட்பும் திறந்த வெளியும் அதில் நிறையவே இருக்கின்றன. ஆகவே பையன்களை நம்பி நடத்தினால் பலன் உண்டு என்பதற்கும் அதே போர்ஸ்டல் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? போருக்குப் பின் இளைஞர் குற்றங்கள் பெருகின, கட்டடங்கள் நிரம்பி வழிந்தன. 1961இல் வந்த சட்டம் பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் முதல் இரண்டாண்டு என்று குறைத்தது. எந்த நாளில் வெளியே போவது என்பது அவரவர் நடத்தையைப் பொறுத்தது. நடத்தையைக் குறித்துக்கொள்ளும் நோட்டும் பேனாவும் வார்டர் கையில். இப்படி ஓர் ஏற்பாட்டில் திருந்துவதைவிடத் திருந்தியதாகக் காட்டிக்கொள்வதுதான் சீக்கிரம் வெளியே வரும் வழி. 1970களில் வெளியே வந்தவர்களில் பெரும்பகுதியினர் மறுபடியும் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

'ஸ்கம்' படத்துக்கு ராய் மின்டன் கதை எழுதியதும் ஆலன் கிளார்க் இயக்கியதும் அந்தக் காலத்தின் போர்ஸ்டலை வைத்துத்தான். 1977இல் பிபிசியின் 'பிளே ஃபார் டுடே' வரிசைக்காக முதலில் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகு பிபிசி அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டது. பல இடங்களில் பல காலத்தில் நடந்திருக்கக்கூடிய கொடுமைகளை ஒரே கட்டடத்துக்குள், சில வாரங்களுக்குள் அடுக்கிக் காட்டுவதால் பார்ப்பவர் இதை ஆவணப்படம் என்று நம்பிவிடுவார் என்பது மேலிடத்தின் கவலை. உன் முதல் கேள்வியும் அதுதான். அடுக்கியிருப்பது உண்மை. ஆனால் நாடகம் என்றாலே அடுக்குவதுதானே? அடுக்கிய ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு அந்த ஆட்சேபத்திலேயே பாதி ஒப்புதல் இருக்கிறது.

கிளார்க்கும் மின்டனும் விடவில்லை. அதே கதையை 1979இல் சினிமாவாக எடுத்தார்கள். நீ பார்த்தது அதைத்தான். 1983இல் சேனல் 4 அதை ஒளிபரப்பியபோது அதை எதிர்த்து மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் நீதிமன்றம் வரை போனார், கடைசியில் மேல்முறையீட்டில் அவர் தரப்பு நிற்கவில்லை. முதலில் எடுத்த தொலைக்காட்சி வடிவத்தை பிபிசி 1991இல்தான் காட்டியது. ஆலன் கிளார்க் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இனி படத்துக்கு வருவோம். அதில் பின்னணி இசை கிடையாது, கவனித்தாயா? நம் ஊர்ப் படமாக இருந்தால் கார்லின் சாக்ஸைச் சுழற்றும் இடத்தில் தாரை தப்பட்டை முழங்கியிருக்கும். கிளார்க் அங்கே பூட்ஸ் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் தவிர எதையும் வைக்கவில்லை. விசில் உங்கள் அறையில் இருந்து வந்தது. இயக்குநர் கேட்கவில்லை.

அந்தச் சண்டை படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்றும் பார். 1983இல் வந்த அமெரிக்கப் படம் 'பேட் பாய்ஸ்' இதே மாதிரிக் கதைதான். அதில் ஷான் பென் தலையணை உறைக்குள் குளிர்பான கேன்களைப் போட்டு அடிப்பார். ஆனால் அந்தப் படம் ஒரு பெரிய சண்டையை நோக்கிப் போய் அங்கே முடிவைத் தேடுகிறது. 'ஸ்கம்' அப்படி அல்ல. அந்த வார்டின் தாதாவான பேங்க்ஸை அடித்துக் கார்லின் புது 'டேடி' ஆவது பாதிப் படத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதி, அதனால் ஒன்றும் மாறவில்லை என்று காட்டுவதற்காக.

பேங்க்ஸ் இருந்தபோது சின்னப் பையன்களிடமிருந்து காசைப் பிடுங்கினான். கார்லின் வந்த பிறகும் வசூல் நிற்கவில்லை, வசூலிக்கிற கை மாறுகிறது. இதில் வார்டர்களுக்கு என்ன லாபம்? நூறு பையன்களை அடக்குவதைவிட, நூறு பையன்களை அடக்கி வைத்திருக்கும் ஒருவனைக் கைக்குள் வைத்துக்கொள்வது சுலபம். வந்த முதல் நாளே, வேறொரு போர்ஸ்டலில் அதிகாரியை அடித்தவன் என்பதற்காக அவர்களே கார்லினை அடித்தார்கள். பேங்க்ஸும் கூட்டாளிகளும் இரவில் வந்து அடித்ததையும் காணாததுபோல் இருந்தார்கள். அவன் 'டேடி' ஆனதும் தனியறை தருகிறார்கள், வார்டை அமைதியாக வைத்துக்கொள் என்கிறார்கள். கதிர், அங்கே ஜெயித்தது யார் என்று இப்போது சொல். ஒரு முரடனை இன்னொரு முரடனால் மாற்றிக்கொண்டு அலுவலகம் நிம்மதியாகத் தூங்குகிறது. கார்லினாக நடித்த ரே வின்ஸ்டன் குத்துச்சண்டை பழகியவர் என்பதால் அந்த நடையும் தோளும் நம்மை இழுக்கின்றன. இழுக்கட்டும் என்றுதான் கிளார்க் விட்டிருக்கிறார். இழுபட்ட பிறகு யோசிக்க வேண்டியது நம் வேலை.

நீ உன் கடிதத்தில் ஆர்ச்சரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. புத்தகம் படிப்பவன், இறைச்சி சாப்பிடாதவன், தோல் பூட்ஸ் போட மறுத்து வெறுங்காலோடு நடப்பவன். யாரையும் அடிக்காமல், விதிகளையே பிடித்துக்கொண்டு விதிகாரர்களைத் திணறடிக்கிறான். டியூக் என்ற வயதான வார்டரோடு உட்கார்ந்து பேசும்போது, இந்த அமைப்பு பையன்களை மட்டுமல்ல, அவரையும்தான் சிறுமைப்படுத்துகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறான். அவருக்குக் கோபம் வந்து அவன்மேல் ரிப்போர்ட் எழுதுகிறார். படத்தில் ஒரு வார்டரை மனிதனாக மதித்துப் பேசிய ஒரே இடம் அது. அதற்கும் தண்டனை. சட்டம் படிக்கிறவன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய காட்சி அதுதான்.

அடுத்து, பார்ப்பதற்கே கஷ்டமான இரண்டு பேர். டோய்ன், மனைவி இறந்த செய்தியைக் கடிதத்தில் படித்துவிட்டு உடைந்துபோகிறான், பிறகு இறந்தும் போகிறான். டேவிஸ், யாருக்கும் தீங்கு நினைக்காத மெலிந்த பையன். தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையில் மூன்று பேர் அவனைப் பலாத்காரம் செய்கிறார்கள், ஒரு வார்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்று இரவு அறைக்குள் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவன், பிழைக்க வேண்டும் என்று மனம் மாறி உதவி மணியை அழுத்துகிறான். யாரும் வரவில்லை.

இந்த மணிதான் படத்தின் மையம் என்பேன். அறைதோறும் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். விதிப் புத்தகத்தில் அது இருக்கும், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்டவும் இருக்கும். அழுத்தினால் ஆள் வர வேண்டும் என்பது மட்டும் நடப்பில் இல்லை. நீ படிக்கப்போகும் பல சட்டங்களிலும் இப்படி மணிகள் இருக்கும். அவை ஒலித்தபோது யார் எழுந்து போனார் என்று கேட்பதுதான் வழக்கறிஞரின் தொழில்.

டேவிஸ் இறந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் கலவரம் வெடிக்கிறது. அதன் பலன், கார்லினையும் ஆர்ச்சரையும் ரத்தக் காயத்தோடு தனிமை அறைக்கு இழுத்துப் போகிறார்கள். உடைந்ததற்குப் பையன்களே பொறுப்பு என்று சொல்லிவிட்டு, இறந்த இருவருக்காகவும் மௌனமாகப் பிரார்த்திக்கச் சொல்கிறார் தலைமை அதிகாரி. மணியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

1982இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு போர்ஸ்டல் முறையையே ஒழித்தது. படத்தால்தான் ஒழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது நெடுநாள் விவாதத்தின் முடிவு. பெயர் ஒழிந்ததே தவிர நோய் முழுதும் ஒழியவில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், அதே ஃபெல்தாமில் இருந்த இளைஞர் சிறையில், விடுதலையாக வேண்டிய நாளின் விடியற்காலையில், 19 வயது ஆசிய வம்சாவளி இளைஞன் ஒருவனை அறைத்தோழன் தாக்கினான். அவன் பிழைக்கவில்லை. தாக்கியவன் இனவெறி கொண்டவன் என்று தெரிந்திருக்க வாய்ப்பிருந்தும் இருவரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். குடும்பம் விடாமல் போராடியதால் பொது விசாரணை நடந்து, 2006இல் அறிக்கை வந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைத்துவிடாதே. அந்த கென்ட் கிராமத்தின் பெயர் நம் சட்டத்திலும் இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் இன்னும் நடப்பில் உண்டு, புதுக்கோட்டையில் போர்ஸ்டல் பள்ளியும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அவர்களை போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லம் ஒன்றில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுப் பையன் அடிபட்டு இறந்தான். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டு இல்லங்களை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. ஒரு பையன் செத்த பிறகுதான் மணிச் சத்தம் நமக்கும் கேட்டது.

அடுத்த முறை இந்த மாதிரிப் படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள். இந்தச் சண்டையில் ஒருவன் ஜெயித்தால் நிம்மதியாகத் தூங்கப் போகும் அதிகாரி யார்? சண்டை போடத் தெரியாதவன் அங்கே எப்படிப் பிழைப்பான்? அவன் கூப்பிட்டால் வர வேண்டிய கடமை யாருக்கு? பல படங்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். 'ஸ்கம்' மூன்றுக்கும் பதில் சொல்கிறது, அதனால்தான் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நிற்கிறது.

படிப்போடு நிறுத்திக்கொள்ளாதே. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று விசாரி. இளைஞர் நீதிக் குழுமம் எந்த நாட்களில் கூடுகிறது, அங்கே வரும் பையன்களுக்காகப் பேச வக்கீல் இருக்கிறாரா என்று தெரிந்துகொள். அப்படி ஒரு பையனைச் சந்திக்க நேர்ந்தால் அவன் பெயரையோ படத்தையோ எங்கும் போடாதே. அது சட்டப்படி குற்றம் என்பதற்காக மட்டுமல்ல, அவன் நாளைக்கு வேலை கேட்டு ஒரு கடையில் போய் நிற்க வேண்டியவன் என்பதற்காகவும். தப்பு செய்த பையனைத் தப்பே செய்யாதவன் என்று வாதாடச் சொல்லவில்லை. தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பதோடு முடிய வேண்டும், அந்தப் பையனின் உயிரையும் மானத்தையும் பறிக்க எந்தச் சட்டமும் யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று உரக்கச் சொல்.

கார்லின்கள் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். நீ டேவிஸ்களின் வக்கீலாக வா.

அன்புடன்,
சித்தி