கலத்தில் இருக்கத் தக்கவை

நுழையும்முன்

கடலோடும் படகில் இடம் சிறிது. ஆனால், அங்கே இடம்பெறும் கருவி ஒவ்வொன்றும் உயிர்காக்கும் பொறுப்பை ஏற்கிறது. புதியது வந்ததும் பழைய கருவியை அகற்றிவிடலாமா? நீண்டநாள் உடனிருந்தது என்பதற்காக அதனை வைத்துக்கொள்ளலாமா? இவ்வினாக்களுக்கு விடைகாணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடற்பகுதியைத் தாக்கியது. அம்மாவட்டத்து ஆழ்கடல் மீனவர், ஒருமுறை புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர். கைப்பேசியின் எல்லையையும் கரையோர வானொலியின் எல்லையையும் கடந்து நெடுந்தொலைவு சென்றிருந்த படகுகள் பலவற்றைப் புயல் எச்சரிக்கை சென்றடையவில்லை. மீனவர் பலர் கரை திரும்பவே இல்லை. படகில் கருவி இருப்பது வேறு. வேண்டிய நேரத்தில் அது பயன்படுவது வேறு என்பதை அத்துயரம் உணர்த்தியது.

ஆகவே, ஒரு கருவியின் வயதைக் கேட்பதைவிட, அதனைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புவதே அறிவுடைமை.

மறுமுனையில் கேட்பவர் உளரா?

செய்தித்தொடர்புக் கருவி தனித்து இயங்குவதன்று. அதற்கு மறுமுனை வேண்டும். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, மோர்ஸ் குறியீட்டில் அனுப்பப்பட்ட அழைப்பே மீட்புக் கப்பலை வரவழைத்தது. அத்தகு பெருமையுடைய முறையும் 1999 பிப்ரவரி முதல் நாளன்று, உலகக் கடல்சார் இடர்காப்பு முறைமை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது விடைபெற்றது. அதுபோலவே, 121.5 மெகாஹெர்ட்சில் இயங்கிய பழைய இடர்ச்சைகைக் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் செவிமடுப்பது 2009 பிப்ரவரி முதல் நாளுடன் நின்றது. 406 மெகாஹெர்ட்சுக் கருவிகளே இன்று அவற்றின் கவனத்தைப் பெறுகின்றன. பழைய கருவியை இயக்கினால் விளக்கு எரியும், சைகையும் வெளிப்படும். ஆயினும், விண்ணில் அதனைக் கேட்பதற்கு எவரும் இலர். உதவி வரும் என்று நம்பிக் காத்திருக்கச் செய்வதால், கருவியே இல்லாத நிலையைவிட இது கொடியது. இத்தகையதை அகற்றிவிடுதலே முறை.

எதனைச் சார்ந்து இயங்குகிறது?

கைப்பேசி, வானொலி, இடங்காட்டி ஆகிய அனைத்தும் மின்சாரத்தை நம்பியவை. படகினுள் கடல்நீர் புகுந்து மின்கலம் கெட்டால், அதனோடு இணைந்த யாவும் ஒருசேர ஓய்ந்துவிடும். காந்தத் திசைகாட்டியோ மின்சாரத்தை வேண்டாதது. உலோகக் காற்றழுத்தமானியும் அவ்வாறே. காற்று அகற்றப்பட்ட சிறு உலோகப் பெட்டி, வெளியழுத்தத்திற்கேற்பச் சுருங்கி விரிந்து முள்ளை நகர்த்துகிறது. புதியன யாவும் ஓய்ந்த பின்னும் ஓயாத பழைய கருவிக்குப் படகில் இடம் உண்டு.

எனினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். செயற்கைக்கோள் வழிவரும் வானிலை அறிவிப்பு, புயலைச் சில நாள்களுக்கு முன்பே கூறவல்லது. காற்றழுத்தமானியோ, புயல் நெருங்கும்போதுதான் குறிப்புணர்த்தும். அது புதியதற்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது.

கையாளத் தெரிந்தவர் உளரா?

வெப்பமண்டலக் கடல்களில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். முற்பகலும் இரவும் பத்து மணியளவில் மிகுந்தும், பிற்பகலும் பின்னிரவும் நான்கு மணியளவில் குறைந்தும் காணப்படும். இந்த இயல்பை அறியாதவர், மாலைநேரத்து இறக்கத்தைக் கண்டு வீணே அஞ்சுவர்; அல்லது உண்மையான இறக்கத்தையும் வழக்கமானதென்று புறக்கணிப்பர். நாள்தோறும் குறித்துவந்தவரோ, அந்த நேரத்திற்குரிய இயல்பான அளவைவிட ஐந்து மில்லிபார் குறைந்தாலே புயலின் அண்மையை உணர்ந்துகொள்வர். பழகாத கையில் உள்ள கருவி, பழையதாயினும் புதியதாயினும் வெறும் சுமையே.

தெரியுமா?

செயற்கைக்கோள் இடங்காட்டியின் வரவால் கைவிட்டிருந்த விண்மீன்வழிக் கடற்பயணப் பயிற்சியை, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. மின்னணு வழிகாட்டிகள் இணையத் தாக்குதலால் முடங்கக்கூடும் என்னும் கவலையே அதற்குக் காரணம்.

இம்மூன்று வினாக்களுக்கும் விடைகாண வேண்டிய இடம் துறைமுகமே, நடுக்கடல் அன்று. புறப்படுமுன் ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். பயனற்றதை அதன் பழம்பெருமை கருதி வைத்திருத்தல் ஆகாது. பயனுள்ளதை அதன் பழமை கருதித் தள்ளுதலும் ஆகாது. கரையில் காத்திருப்போரிடம் கடலோடியைத் திரும்பச் சேர்ப்பது எதுவோ, அதுவே கலத்தில் இருக்கத் தக்கது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய கருவி ஒன்றைத் தேர்ந்து, பாடத்தின் மூன்று வினாக்களைக் கொண்டு மதிப்பிட்டு எழுதுக.
2. 'கேட்பவர் இல்லாத கருவி, கருவியே இல்லாத நிலையைவிடக் கொடியது' – இக்கூற்றை ஏற்கிறீர்களா? வகுப்பில் கலந்துரையாடுக.