செயலியும் சிலேட்டும்

கேள்வி: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தி. நானோ செல்போனும் கையுமாக எமிஸ் என்னும் கல்வித்துறைச் செயலிப் பதிவில் கிடக்கிறேன். சலிப்பாக இருக்கிறது.
- ஓர் ஆசிரியை, உத்தனப்பள்ளி

பதில்: சலிப்பு நியாயம்தான் அம்மா. சிக்னல் கிடைக்காமல் வாசலுக்கு வந்து நின்று வருகைப் பதிவு போடும் ஆசிரியர்கள் உங்கள் பக்கம் மட்டுமல்ல, எல்லா மாவட்டத்திலும் உண்டு. அதைச் சங்கத்தில் உரக்கப் பேசுங்கள், வகுப்பில் சுமக்காதீர்கள்.

மொழி வேறு விஷயம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். ஆனால் வீட்டு மொழியில் பேசக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. முதலில் சின்னப் பிள்ளைகள் தெலுங்கிலேயே கதை சொல்லட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தமிழில் திருப்பிச் சொல்லட்டும். அந்தப் பெரிய மனுஷத்தனத்துக்காகவே அது லீவு போடாது! 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகள் வகுப்பைப் பார்க்காமல் திறனைப் பார்ப்பவை. உங்களைப் போன்ற கலவை வகுப்புக்கு அது தோதுதான், தாள் வேலையைக் கொஞ்சம் குறைத்தால்.

ஆலையில் ஷிப்டு முடிந்து அப்பா தூங்கும் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. பள்ளியில் தரும் காலை உணவுக்காகச் சீக்கிரமே வந்துவிடும் பிள்ளைகளோடு அந்த நேரத்தில் உட்காருங்கள். பொங்கல் வாயோடு அவர்கள் சொல்லும் ஊர்க்கதைகளை எந்தச் செயலியும் கேட்பதில்லை.